பிக்கப் மைலேஜ் 14-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது: சரியாக அளப்பது எப்படி?

களக்காட்டு வாழை | ஜூலை 5, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். களக்காட்டில் வாழைத்தார் வாங்கி நாகர்கோவில் மண்டிக்கு அனுப்புவது என் தொழில். சொந்தமாக ஒரு பொலிரோ பிக்கப் இருக்கிறது, பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டி. ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி வழியாக ஒருவழிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போகும்போது ஒன்றேகால் டன் ஏத்தன் தார், வரும்போது எம்ட்டி.

பங்குனி, சித்திரையில் லிட்டருக்கு 14 வரை கொடுத்த வண்டி. வைகாசி கடைசியிலிருந்து இறங்கி, இப்போது 11, மிஞ்சினால் 11.3. எங்கள் கணக்கு இப்படி: 2,000 ரூபாய்க்கு டீசல் போடுவோம். டீசல் காட்டும் முள் பழைய இடத்துக்கு வந்ததும், ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்துக்கொள்வோம்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. என் மைத்துனர், "டிரைவர் டீசல் உறிஞ்சி விற்கிறான், ஆளை மாற்று" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். டிரைவர் தம்பி மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறார், வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்து போகிறவர். நேற்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, ஒரு வாரம் நீங்களே கூட வாங்க. நீங்களே டீசல் போடுங்க, நீங்களே எழுதுங்க" என்று மட்டும் சொன்னார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அளப்பதென்றால் எப்படி அளக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை பட்டறை | ஜூலை 5, இரவு 10.05

அண்ணாச்சி, முதலில் அந்த முள்ளை மறந்துவிடுங்கள். டேங்குக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, அவ்வளவுதான் அது. டேங்க் பெட்டி மாதிரி நேராக இருக்காது. ஒரு பக்கம் குறுகும், அடியில் வளையும். அதனால் மேல்பாதியில் முள் நகர்கிற வேகம் வேறு, கீழ்ப்பாதியில் வேறு. வண்டி லேசான மேட்டில் நின்றால்கூட முள் ஒரு கோடு ஏறி நிற்கும். பின்னால் லோடு இருந்தால் பாடி அமுங்கி இன்னொரு கணக்கு காட்டும். முள்ளை நம்பி ஒரு ஆளைச் சந்தேகப்படக் கூடாது. என் பட்டறைக்கு மைலேஜ் இல்லை என்று வருகிற பத்து வண்டியில் பாதிக்கு மேல் அளவே தப்பாகத்தான் இருக்கும்.

வள்ளியூர் ஸ்டியரிங் | ஜூலை 6, காலை 5.50

22 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். இந்தப் பதிவைப் படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. டீசல் திருடுகிறவன் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள். ஆனால் "நீங்களே கூட வாங்க" என்று சொல்கிற ஆள் திருடுகிற ஆள் இல்லை அண்ணாச்சி.

இரண்டு விஷயம் கேட்கிறேன். வைகாசிக்கு அப்புறம் வண்டியில் என்ன மாற்றினீர்கள்? டயர் ஏதாவது புதிதாகப் போட்டீர்களா? அப்புறம், பணகுடி தாண்டினால் இப்போது அடிக்கிற காற்றைக் கணக்கில் எடுத்தீர்களா?

சேர்மாதேவி வாத்தியார் | ஜூலை 6, பகல் 2.30

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு மனிதருடைய பெயர் இதில் இருக்கிறது.

டேங்க் ஃபுல் முறையைவிட நம்பகமான வழி நம் கைக்கு எட்டியதில் வேறு இல்லை. ஆனால் அதையும் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். ஃபுல் என்றால் எது ஃபுல்? நாசில் தானாக 'டக்'கென்று நிற்கிற இடமா, கழுத்துவரை ததும்புகிற இடமா? டீசல் நுரைக்கிற எண்ணெய். வேகமாக அடித்தால் நுரை மேலே ஏறி நாசிலை முன்கூட்டியே நிறுத்திவிடும். ஒரு நாள் மெதுவாக அடித்து, மறுநாள் வேகமாக அடித்தால் ஒன்று இரண்டு லிட்டர் சாதாரணமாகத் தப்பும். அதனால் ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும், எப்போதும் எம்ட்டியாக. முதல் தடவை நின்றதும் ஒரு நிமிடம் பொறுத்து, மெதுவான வேகத்தில் மறுபடி ஒரே ஒரு தடவை. அது நின்றால் நின்றதுதான், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2,000 ரூபாய்க்கு, லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால், 21.5 லிட்டர் வரும். ஃபுல் எல்லை 2 லிட்டர் முன்பின் ஆனால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு தப்பு. உண்மையில் 12 கொடுக்கிற வண்டி 11 என்றும் காட்டும், 13 என்றும் காட்டும். வண்டியில் ஒன்றுமே மாறியிருக்காது! அதே 2 லிட்டர் தப்பு 100 லிட்டரில் வந்தால் நூற்றுக்கு இரண்டுதான். எனவே ஒரு டேங்க் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குறைந்தது 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நடுவில் ஒவ்வொரு தடவையும் ஃபுல் அடிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு ஃபுல், முடிவில் ஒரு ஃபுல், இந்த இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும். இடையில் 500 ரூபாய்க்குப் போட்டாலும் 1,500-க்குப் போட்டாலும் பில்லில் உள்ள லிட்டரை எழுதிக்கொண்டே வாருங்கள். தொடக்க ஃபுல்லின் லிட்டரைச் சேர்க்கக் கூடாது, கடைசி ஃபுல்லின் லிட்டரைச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கூட்டிச் சராசரி எடுப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. போகும்போது 10, வரும்போது 16 என்றால் சராசரி 13 என்று பலர் சொல்வார்கள். தப்பு. 60 கிலோமீட்டர் போக 6 லிட்டர், வர 3.75 லிட்டர், ஆக 120 கிலோமீட்டருக்கு 9.75 லிட்டர். லிட்டருக்கு 12.3. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள், மைலேஜை மைலேஜோடு கூட்டாதீர்கள்.

வள்ளியூர்த் தம்பி டயர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பதில் வந்ததும் அதைப் பற்றி எழுதுகிறேன்.

களக்காட்டு வாழை | ஜூலை 6, இரவு 8.15

வாத்தியார் சார், ரொம்ப நன்றி. தம்பி, நீங்கள் கேட்டது சரிதான். வைகாசி நடுவில் நான்கு டயரும் புதிது போட்டோம். பழையது முழுக்க வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தது. ஆனால் புது டயர் போட்டால் மைலேஜ் கூடத்தானே வேண்டும்?

சேர்மாதேவி வாத்தியார் | ஜூலை 6, இரவு 9.00

மீட்டரில் குறையும். இந்த வகை வண்டியின் சக்கர ஆரம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் பட்டன், அதாவது சாலையைத் தொடுகிற ரப்பர்க் கட்டை, உயரத்தில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், அது நூற்றுக்கு இரண்டு. மீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றைத்தான், சாலையை அல்ல. தேய்ந்த சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், மீட்டரும் அதிகம் காட்டும். புதுச் சக்கரத்தில் சுற்று குறைவு, கிலோமீட்டரும் குறைவு. அதே தூரம், அதே டீசல், நோட்டில் மட்டும் மைலேஜ் இறங்கும். அப்புறம், புது டயரின் ஆழமான பட்டன் உருளும்போது கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர்க் கல்லை வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். போனில் ஜிபிஎஸ் போட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்துவிடும்.

பாவூர்சத்திரம் லோடு | ஜூலை 6, இரவு 9.45

நான் காய்கறி ஏற்றிச் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிறவன். என் வண்டியில் ஸ்கிரீனிலேயே ஆவரேஜ் காட்டும். அது 15.8 என்று சொன்னது. நோட்டுப் போட்டு ஆறு டேங்க் எழுதிப் பார்த்தால் 14.3 தான். பத்து சதவீதம் கூட்டிச் சொல்கிறது. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு அது, டீசலை அளப்பதில்லை. ஆனால் ஒரு உபயோகம் உண்டு. எண் தப்பாக இருந்தாலும் போன வாரத்தைவிட இந்த வாரம் ஏறியதா இறங்கியதா என்று பார்க்கலாம்.

எங்கள் லைனில் இன்னொரு வழக்கம் உண்டு. கேரளத்தில் டீசல் விலை கூடுதல் என்பதால் எல்லையைத் தாண்டும் முன்னால் வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்துவரை நிரப்புவார்கள். அப்படி நிரப்பினால் வாத்தியார் சார் சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. அளக்கிற மாதத்தில் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறங்கினால் மைலேஜ் நன்றாகக் கிடைக்கிறது, அதையும் செய்து பாருங்கள்.

பேட்டை பட்டறை | ஜூலை 6, இரவு 10.10

பாவூர்சத்திரம் தம்பி, கடைசி வரியை யாரும் செய்து பார்க்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் உயிர். ஒன்றரை டன் லோடோடு புளியரை வளைவில் நியூட்ரலில் இறங்கினால் மொத்த எடையும் பிரேக் மேல்தான் விழும். டிரம் சூடேறி லைனிங் பிடிமானம் போய்விட்டால் மிதிக்க மிதிக்கப் பெடல் மட்டும் கீழே போகும், வண்டி நிற்காது. அப்படி வந்த வண்டிகளின் முன்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மிச்சமும் இல்லை. டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற காமன் ரெயில் இன்ஜின், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இல்லாவிட்டால் டீசலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள டீசல் குடித்தாக வேண்டும். பழைய பம்ப் வண்டிக் காலத்துப் பழக்கம் இது. ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

பாவூர்சத்திரம் லோடு | ஜூலை 6, இரவு 10.40

சரி அண்ணாச்சி, டீசல் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. நாளையிலிருந்து கியரில்தான்.

திசையன்விளைத் தம்பி | ஜூலை 7, காலை 7.30

டாடா ஏஸ் வைத்திருக்கிறேன், தொழிலுக்குப் புதிது. விடிகாலையில் டீசல் போட்டால் குளிர்ச்சியில் கெட்டியாக இருந்து அதிகம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று, எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பங்கில் அளவு குறைகிற மாதிரி சந்தேகம். என்ன செய்வது?

சேர்மாதேவி வாத்தியார் | ஜூலை 7, காலை 9.10

டீசல் 10 டிகிரி சூடேறினால் நூற்றுக்கு முக்கால் பங்கு அளவு விரியும், அது உண்மைதான். ஆனால் பங்கில் டீசல் இருப்பது பூமிக்கு அடியில். காலைக்கும் மத்தியானத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம் தம்பி.

அளவில் சந்தேகம் இருந்தால், முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பங்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது நம் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. சண்டை வேண்டாம், பொறுமையாகக் கேளுங்கள்.

களக்காட்டு வாழை | ஜூலை 7, இரவு 8.50

இன்று தொடக்க ஃபுல் அடித்தாயிற்று. நானும் டிரைவர் தம்பியும் காலை ஐந்தரைக்கே பங்கில் நின்றோம். நாசில் 31.42 லிட்டரில் நின்றது. பையன் எடுக்கப் போனான், பொறு என்றேன். பங்க் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், கழுத்துக்குழாயில் வாய்வரை வெள்ளை நுரை. பொடிப்பொடிக் குமிழாக ஒவ்வொன்றாய் உடைந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கி, குழாய்க்குள் இருட்டுத்தான் தெரிந்தது. ஒரு நிமிடம் கழித்து மெதுவாக அடிக்கச் சொன்னேன். இன்னும் 1.86 லிட்டர் பிடித்தது!

இந்த மூன்று வருடத்தில் ஃபுல் அடித்தபோதெல்லாம் முதல் 'டக்'கோடு மூடிவிட்டுப் போன நாளும் உண்டு, பையன் மேலே மேலே அடித்த நாளும் உண்டு. அந்த இரண்டு லிட்டர் எத்தனை தடவை என் கணக்கில் முன்னும் பின்னும் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற தம்பியின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பாக்கெட் நோட்டு ஒன்று டேஷ்போர்டில் வைத்திருக்கிறோம். தேதி, மீட்டர், லிட்டர், லோடு, நான்கே கட்டம். எழுதுவது அவர்தான்.

வள்ளியூர் ஸ்டியரிங் | ஜூலை 8, இரவு 7.40

ஐந்தாவது கட்டம் ஒன்று போடுங்கள் அண்ணாச்சி, காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று இருக்கிறதே, அதற்காகத்தானே முப்பந்தலில் இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். பணகுடி தாண்டியதும் வண்டி நான்காம் கியருக்கு இறங்கச் சொல்லிக் கெஞ்சும். சித்திரையில் ஐந்தில் போன அதே இடம். உங்கள் வண்டி லோடோடு போவதோ காற்றுக்கு எதிரே, எம்ட்டியாக வருவது காற்றோடு. தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் படபடவென்று அடித்தால் இன்னும் மோசம்.

சேர்மாதேவி வாத்தியார் | ஜூலை 8, இரவு 9.15

தம்பி அனுபவத்தில் சொல்வதைக் கணக்காகவும் சொல்லிவிடலாம். காற்றின் தடை, வேகத்தின் வர்க்கமாக ஏறும். வண்டி 60-ல் போகிறது, எதிரே 30-ல் காற்று அடிக்கிறது என்றால் வண்டி சந்திப்பது 90 கிலோமீட்டர் வேகக் காற்றை. தடை இரண்டேகால் மடங்கு. திரும்பி வரும்போது காற்று முதுகில், சந்திப்பது 30 தான். தடை கால் பங்கு. போனதும் வந்ததும் கழிந்துவிடும் என்று தோன்றும், கழியாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றேகால். காற்றில்லாத நாளைவிடக் கால் பங்கு கூடுதல் தடை மிச்சம் நிற்கும். லோடு எதிர்காற்றில் போனால் தார் உயரமும் சேர்ந்துகொள்ளும்.

இதே கணக்குத்தான் வேகத்துக்கும். நான்குவழிச் சாலை காலியாக இருக்கிறதே என்று 60-க்குப் பதில் 80-ல் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. களக்காட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு அதனால் மிச்சமாவது பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

திசையன்விளைத் தம்பி | ஜூலை 9, காலை 6.45

சார், அப்படியென்றால் கம்பெனி காகிதத்தில் போடுகிற மைலேஜ் எந்தக் காற்றில் எடுத்தது?

சேர்மாதேவி வாத்தியார் | ஜூலை 9, காலை 10.00

காற்றே இல்லாத இடத்தில். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஒரே கால அட்டவணைப்படி ஏற்றி இறக்கி ஓட்டி எடுக்கிற எண் அது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும். உன் லோடுக்கும் உன் சாலைக்கும் உன் நோட்டுதான்.

களக்காட்டு வாழை | ஜூலை 12, இரவு 9.30

இன்று கூடவே போய்வந்தேன். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

களக்காட்டில் தார் ஏற்ற 35 நிமிடம், மண்டியில் வரிசையும் இறக்குவதும் 50 நிமிடம். இவ்வளவு நேரமும் இன்ஜினை நிறுத்தாமல் வைத்திருப்பதுதான் வழக்கம் போல. மண்டியில் நிற்கும்போது "ஆஃப் பண்ணலாமே தம்பி" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஆஃப் செய்தார். இறக்கி முடித்துச் சாவியைத் திருப்பினால், 'கிர்ர்... கிர்' என்று முனகி அடங்கிவிட்டது. மண்டி ஆட்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது.

சித்திரையிலேயே பேட்டரி மாற்ற வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னார். சீசன் முடியட்டும் என்று சொன்னது நான். அன்றிலிருந்து ஆள் கூப்பிட்டுத் தள்ளுகிற அவமானம் வேண்டாம் என்று நிறுத்தாமலே வைத்திருந்திருக்கிறார். அதை ஒரு தடவைகூட என்மேல் குறையாகச் சொன்னதில்லை. வரும் வழியில் பணகுடியில் டீ குடிக்கும்போது அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணாச்சி, பேட்டரியை மாற்றுங்க" என்றார்.

பட்டறை அண்ணாச்சி, நின்றுகொண்டே ஓடினால் எவ்வளவு குடிக்கும்?

பேட்டை பட்டறை | ஜூலை 12, இரவு 10.20

இந்த அளவு டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். உங்கள் 85 நிமிடத்துக்கு ஒரு லிட்டர். நாளுக்கு 10 லிட்டர் குடிக்கிற வண்டியில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. மீட்டரில் ஒரு மீட்டர்கூட ஏறாது!

பேட்டரி மாற்றும்போது இன்னும் ஒன்றிரண்டு பார்த்துவிடுங்கள். 20 கிலோமீட்டர் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி, நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரியும், உரசுகிற சத்தம் கேட்கும். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போவது நம் பக்கம் சகஜம். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவிலிருந்து போகிற ரப்பர்க் குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிளிப் தளர்ந்திருக்கும். டயர் காற்று, விடிகாலையில் ஓட்டுவதற்கு முன்னால், வண்டியில் ஒட்டியிருக்கிற அட்டையில் லோடுக்குப் போட்டிருக்கிற அளவு.

பிஎஸ் 6 என்பதால் ஒன்று. புகைவடிகட்டியில் கரி சேர்ந்தால் அதை எரிக்க இன்ஜின் தானாகவே கூடுதல் டீசல் செலுத்தும். அது முடியும் முன்னால் நிறுத்தி நிறுத்திக் குறுகிய தூரமாகவே ஓட்டினால் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கும். நின்றபடி ஓடினாலும் கரி சீக்கிரம் சேரும். பேட்டரி மாற்றினால் அதிலும் கொஞ்சம் நன்மை உண்டு.

களக்காட்டு வாழை | ஜூலை 20, இரவு 8.00

முதல் அளவு முடிந்தது. நேற்று அதே பங்க், அதே பம்ப், அதே நேரம், எம்ட்டி.

மீட்டரில் 1,462 கிலோமீட்டர். டீசல் 118.6 லிட்டர். அப்படியே வகுத்தால் 12.3.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரியிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் கல் பார்த்து ஓட்டினோம். மீட்டர் காட்டியது 19.6, போன் ஜிபிஎஸ் 20. ஆக மீட்டர் நூற்றுக்கு இரண்டு குறைக்கிறது, வாத்தியார் சார் சொன்ன அதே அளவு. அதைச் சேர்த்தால் உண்மையில் ஓடியது 1,491 கிலோமீட்டர், லிட்டருக்கு 12.6.

நான் 11 என்று சொல்லித் திரிந்த வண்டி, கெட்ட பேட்டரியோடு, எதிர்காற்றில், 12.6 கொடுத்திருக்கிறது. இந்த நோட்டை மைத்துனரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். நாளை பேட்டைக்கு வண்டி வருகிறது, பட்டறை அண்ணாச்சி.

பேட்டை பட்டறை | ஜூலை 22, மாலை 6.30

வண்டி வந்து போயிற்று. இடது பின்சக்கரம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது, வலதுபக்கம் மூன்று சுற்று போகிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் மாற்றி, டிரம் சுத்தம் செய்தாயிற்று. பேட்டரி புதிது. ஏர் ஃபில்டர் நன்றாகவே இருந்தது, மாற்றவில்லை. அந்தத் தம்பி வண்டியை வைத்திருக்கிற நேர்த்தியைச் சொல்லியே ஆக வேண்டும். சீட்டுக்கு அடியில் டூல்ஸ் துணி சுற்றி இருக்கிறது.

வள்ளியூர் ஸ்டியரிங் | ஜூலை 22, இரவு 8.10

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அண்ணாச்சி, அடுத்த அளவுக்கும் அதே தொடக்க ஃபுல் முறைதான், மறந்துவிடாதீர்கள். இதையும் காற்றுக் காலத்திலேயே எடுத்தால்தான் பேட்டரிக்கும் பிரேக்குக்கும் எவ்வளவு என்று தனியாகத் தெரியும்.

களக்காட்டு வாழை | ஆகஸ்ட் 6, இரவு 9.00

இரண்டாம் அளவு. ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 5 வரை. மீட்டரில் 1,388, திருத்தினால் 1,416 கிலோமீட்டர். டீசல் 100.4 லிட்டர். லிட்டருக்கு 14.1.

காற்று குறையவில்லை, ஆடிக்காற்று அப்படியே அடிக்கிறது. லோடும் அதே ஒன்றேகால் டன். 120 கிலோமீட்டர் போய்வர முன்பு 9.5 லிட்டர் ஆனது, இப்போது 8.5. நாளுக்கு ஒரு லிட்டர். புது பேட்டரிக்குப் போட்ட காசு தீபாவளிக்குள் திரும்பி வந்துவிடும் போலிருக்கிறது.

வரிசையில் நகர்ந்து நகர்ந்து நிற்கிற 20 நிமிடம் மட்டும் இப்போதும் இன்ஜின் ஓடத்தான் செய்கிறது. அதை மண்டியில் பேசி, வெள்ளி, சனியில் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை அனுப்பிப் பார்க்கலாம் என்று டிரைவர் தம்பிதான் யோசனை சொன்னார்.

திசையன்விளைத் தம்பி | ஆகஸ்ட் 6, இரவு 9.40

நானும் நோட்டு ஆரம்பித்துவிட்டேன் அண்ணாச்சி. ஐந்து கட்டம். 5 லிட்டர் கேன் கேட்டேன், பிடித்துக் காட்டினார்கள், சரியாகவே இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

சேர்மாதேவி வாத்தியார் | ஆகஸ்ட் 7, காலை 9.30

இரண்டு அளவும் சுத்தமாக எடுத்திருக்கிறீர்கள். பங்குனியின் 14 முள்ளை வைத்துப் போட்டது, அதோடு இதை ஒப்பிட வேண்டாம். காற்று எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் காற்று நின்றபிறகு இன்னொரு அளவு எடுங்கள். மழை நாளில் எடுத்தால் ஈரச்சாலை கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும், வறண்ட பத்து நாளாகப் பாருங்கள்.

களக்காட்டு வாழை | ஆகஸ்ட் 7, இரவு 8.20

சரி சார். புரட்டாசிக் கடைசியில், மழை பிடிக்கும் முன்னால் எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன். அந்த வாரத்துக்கு லோடு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தம்பி இப்போதே எழுதிவைத்துவிட்டார்.